வகுத்தல் கணக்குப் போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கல்வியையும் ஆராய்ச்சியையும் தொழில்நுட்பத்தையும் நம்பி நடக்கும் அறிவுப் பொருளாதாரத்தை எந்த நாடு எவ்வளவு திறமையாக வளர்க்கிறது என்று அளந்து, வரிசைப்படுத்தி வெளியிடும் குறியீட்டு அமைப்புகளுக்கும் பொருளியல் ஆய்வாளர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் அட்டவணைகளைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். முன்னுரையைத் தாண்டி நேராகப் பின்னிணைப்புக்குப் போகிற ரகம் நான். எந்தக் குறிகாட்டிகளை எடுத்தீர்கள், எதற்கு எவ்வளவு எடை கொடுத்தீர்கள், தரவு கிடைக்காத கட்டங்களை எதை வைத்து நிரப்பினீர்கள் என்பதெல்லாம் அங்கேதானே இருக்கும். இந்தக் கணக்குகளை நானும் போட்டிருக்கிறேன். அதனால் இதை வெளியாள் ஒருவர் கல்லெறிவதாக நினைக்க வேண்டாம். நான் பேச வந்தது ஒரே ஒரு விஷயம். ஒரு நாடு அறிவுக்காகப் போட்டதைக் கீழே வைத்து, அதிலிருந்து பெற்றதை மேலே வைத்து வகுத்து, வருகிற எண்ணுக்குத் 'திறன்' என்று பெயர் சூட்டுகிறீர்கள். அந்த வகுத்தல்தான் என் சிக்கல்.

2013ஆம் ஆண்டின் உலகப் புத்தாக்கக் குறியீட்டை எடுத்துக்கொள்வோம். அதில் நாடுகளின் மொத்த மதிப்பெண் ஒரு பக்கம் இருந்தது. பெற்றதை, அதாவது வெளியீட்டை, போட்டதால், அதாவது உள்ளீட்டால், வகுத்து வரும் 'புத்தாக்கத் திறன் விகிதம்' இன்னொரு பக்கம் இருந்தது. மொத்த மதிப்பெண்ணில் முதலிடம் வழக்கம்போல சுவிட்சர்லாந்துக்கு. திறன் விகிதத்தில் முதலிடம் மாலிக்கு. ஆமாம், ஆப்பிரிக்காவின் மாலிதான். 2012இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, நாட்டின் வடபகுதி ஆயுதக் குழுக்களின் கைக்குப் போய், 2013 ஜனவரியில் பிரெஞ்சுப் படைகள் வந்திறங்கிய அதே மாலி.

யாரும் பொய் சொல்லவில்லை. கூட்டலிலும் வகுத்தலிலும் பிழை இல்லை. கீழே இருக்கும் எண் மிகச் சிறியதாக இருந்தால், மேலே எவ்வளவு கொஞ்சம் இருந்தாலும் விகிதம் எகிறும். அதற்கு முந்தைய ஆண்டு இதே விகிதத்தில் முதல் மூன்று இடங்களில் சீனா, இந்தியா, மால்டோவா இருந்தன. இந்தியா தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆராய்ச்சிக்கு ஒதுக்குவது ஒரு சதவீதம்கூட இல்லை. 2020–21 கணக்கில் 0.64 சதவீதம். அந்தக் குறைந்த ஒதுக்கீடே விகிதத்தின் கீழ்ப்பகுதியில் உட்கார்ந்து நாட்டை மேலே தூக்கிவிடும் என்றால், கைகட்டி இருப்பதற்கு நாம் பரிசு கொடுக்கிறோம் என்றுதானே பொருள்? 2019இல் அந்தக் குறியீட்டை நடத்துவோர் விகிதத்தை வெளியிடுவதையே நிறுத்திவிட்டார்கள். நல்ல முடிவு. ஆனால் விகிதம் போனாலும் அதன் ஆவி போகவில்லை. ஆய்விதழ்களில் இன்னும் கனமான கணிதத்தை உடுத்திக்கொண்டு உலாவிக்கொண்டுதான் இருக்கிறது.

சரி, திறன் என்ற கேள்வியே தப்பா? இல்லை. சோவியத் ஒன்றியத்தைப் பாருங்கள். உலகின் மிகப் பெரிய விஞ்ஞானிகள் படைகளில் ஒன்று அதனிடம் இருந்தது. விண்வெளிக்கு முதல் மனிதனை அனுப்பிய நாடு, கடையில் வாங்கும்படியான ஒரு நல்ல வானொலிப் பெட்டியைச் செய்யத் திணறியது. ஆய்வகத்துக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே அமைச்சகங்கள் சுவர்போல நின்றன. சுவீடனிலும், அளவு வேறு என்றாலும், இதே முணுமுணுப்பு உண்டு: இவ்வளவு ஆராய்ச்சி செய்கிறோம், ஏற்றுமதியில் அது ஏன் தெரியவில்லை என்று. அதைச் 'சுவீடன் முரண்' என்றே அழைக்கிறார்கள். 1995இல் ஐரோப்பிய ஆணையம் அதே மனக்குறையை மொத்த ஐரோப்பாவுக்கும் நீட்டியது. அப்புறம் 2000இல் லிஸ்பனில் கூடிய தலைவர்கள், பத்து ஆண்டுகளில் உலகிலேயே போட்டித் திறன் மிக்க அறிவுப் பொருளாதாரமாக ஐரோப்பிய ஒன்றியத்தை ஆக்குவோம் என்றார்கள். ஆராய்ச்சிக்கு 3 சதவீதம் என்ற இலக்கும் 2002இல் சேர்ந்தது. 2010 வந்தபோது ஒன்றியம் 2 சதவீதத்தை ஒட்டியே நின்றது. பணம் போட்டால் மட்டும் போதாது என்று சொல்லவும், போட்ட பணம் எங்கே போனது என்று கேட்கவும் யாராவது வேண்டும். அந்த வேலையை நீங்கள் செய்கிறீர்கள் என்பதில் எனக்கு மறுப்பில்லை. செய்கிற விதத்தைத்தான் சொல்கிறேன்.

இன்று பெரும்பாலான ஒப்பீடுகள் கையில் எடுப்பது தரவு உறைப் பகுப்பாய்வை. டிஇஏ என்றால் உங்களுக்கு உடனே புரியும். இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். 1957இல் ஃபாரெல் என்ற பொருளியலாளர் விதை போட்டார். 1978இல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் மூவரும் அதைக் கணினியில் தீர்க்கக்கூடிய கணக்காக்கினார்கள். குறைந்த உள்ளீட்டில் நிறைந்த வெளியீடு தரும் நாடுகளை இணைத்து ஓர் எல்லைக்கோடு வரைகிறோம். கோட்டின் மேல் நிற்கிறவர்களுக்கு 100. தள்ளி நிற்கிறவர்களுக்குத் தூரத்துக்கேற்பக் குறைகிறது. எந்தக் குறிகாட்டிக்கு எவ்வளவு எடை என்று நாம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒவ்வொரு நாட்டுக்கும் எது மிகச் சாதகமோ அந்த எடையை இந்த முறையே தேடிக் கொடுத்துவிடும்.

அந்தத் தாராளம்தான் தொல்லை. முப்பது நாடுகளை எடுத்துக்கொண்டு பத்துக் குறிகாட்டிகளைத் திணித்தால், ஏதோ ஒரு மூலையில் ஏதோ ஒரு சாதகம் எல்லோருக்கும் கிடைத்து, பாதிப் பேர் 100 வாங்கிவிடுவார்கள். எனக்கு இது நடந்திருக்கிறது. சந்தேகத்தில் ஒரு குறிகாட்டியை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். உச்சியில் இருந்த ஒரு நாடு பட்டியலின் நடுவில் போய் விழுந்தது. அந்த நாட்டில் ஒரு பள்ளியும் மூடப்படவில்லை, ஓர் ஆய்வகமும் திறக்கப்படவில்லை. என் அட்டவணையில் ஒரு நெடுவரிசை குறைந்திருந்தது, அவ்வளவுதான். உள்ளீட்டை இரட்டித்தால் வெளியீடும் இரட்டிக்கும் என்று கொள்ளாமல், அளவுக்கேற்ப விளைச்சல் மாறும் என்று வைத்துக் கணக்கிடும் வகையில் இன்னொரு கூத்து உண்டு. ஏதாவது ஓர் உள்ளீட்டில் மற்ற எல்லோரையும்விடக் குறைவாக வைத்திருக்கும் நாடு, அதற்கு என்ன விளைந்தது என்ற கேள்வியே இல்லாமல் எல்லைக்கோட்டில் ஏறி உட்கார்ந்துவிடும். மாலிக்கு நடந்ததே மறுபடியும். இந்த முறை கணித உடையில்.

இந்த முறையை உருவாக்கியவர்கள் முதலில் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதையும் நினைத்துப் பார்க்கலாம். அமெரிக்கப் பள்ளிகளில் பின்தங்கிய குழந்தைகளுக்காக நடந்த ஒரு கல்வித் திட்டத்தை மதிப்பிடத்தான். பள்ளியோடு பள்ளி, வங்கிக் கிளையோடு வங்கிக் கிளை, மருத்துவமனையோடு மருத்துவமனை. ஏறக்குறைய ஒரே வேலையை, ஏறக்குறைய ஒரே விதிகளுக்குள் செய்கிறவர்கள். சிங்கப்பூரும் பிரேசிலும் அப்படிப்பட்ட இரண்டு கிளைகளா?

உள்ளே போகும் எண்களின் சேதி இன்னும் மோசம். ஆராய்ச்சிச் செலவை உள்நாட்டு உற்பத்தியின் சதவீதமாகவும், காப்புரிமைகளை மொத்த எண்ணிக்கையாகவும் ஒரே கணக்கில் கலக்கும் கட்டுரைகளைப் பார்த்திருக்கிறேன். பெரிய நாடு பெரியதாக இருப்பதற்காகவே ஜெயித்துவிடும். உலக வங்கி 2012 வரை தந்த அறிவுப் பொருளாதாரக் குறியீட்டை வெளியீடாக எடுத்துக்கொள்ளும் கட்டுரைகளும் உண்டு. நான்கு தூண்கள், பன்னிரண்டு குறிகாட்டிகள், பத்துக்கு மதிப்பெண். கடைசிப் பட்டியலில் சுவீடன் 9.43 பெற்று முதலிடம். ஆனால் அந்தப் பத்து, எத்தனை நாடுகள் உனக்குக் கீழே இருக்கின்றன என்பதிலிருந்து வந்த பத்து. அது ஓட்டப் பந்தயத்தில் பிடித்த இடம். ஓடிய வேகம் அல்ல. பிடித்த இடத்தைச் செலவால் வகுத்தால் வருவது என்ன? எனக்குப் புரியவில்லை, வகுத்தவர்களும் எங்கேயும் விளக்கவில்லை.

அப்புறம் அயர்லாந்து. 2015இல் அந்நாட்டின் உற்பத்தி ஒரே ஆண்டில் 26.3 சதவீதம் வளர்ந்தது என்று 2016 ஜூலையில் அறிவிப்பு வந்தபோது பொருளியலாளர்கள் சிரித்தார்கள். பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் அறிவுச் சொத்துகளைக் காகிதத்தில் அங்கே மாற்றியதன் விளைவு அது. அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகமே சங்கடப்பட்டு, இந்த வீக்கத்தைக் கழித்துக் காட்டும் தனி அளவீடு ஒன்றை 2017இல் கொண்டுவந்தது. இப்போது இதை உங்கள் வகுத்தலில் போடுங்கள். மேலே உற்பத்தி வீங்குகிறது. கீழே, உற்பத்தியின் சதவீதமாகச் சொல்லப்படும் ஆராய்ச்சிச் செலவு அதே வீக்கத்தால் தானாகச் சுருங்குகிறது. ஒரே காகித மாற்றத்துக்கு இரட்டை மதிப்பெண்!

ஆனால் இவற்றையெல்லாம் கவனமாக இருந்தால் சரிசெய்துவிடலாம். காலம் அப்படியல்ல. அதனால்தான் பின்லாந்தின் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

1990களின் தொடக்கத்தில் பின்லாந்து படுத்துவிட்டது. சோவியத் சந்தை ஒரே இரவில் போனதுபோலப் போனது. வங்கிகள் ஆட்டம் கண்டன. மூன்று ஆண்டுகளில் உற்பத்தி சுமார் 10 சதவீதம் சரிந்தது. 3 சதவீதத்தை ஒட்டியிருந்த வேலையின்மை 16 சதவீதத்தைத் தாண்டியது. அரசு எல்லாவற்றையும் வெட்டியது. ஒன்றை மட்டும் வெட்டவில்லை: ஆராய்ச்சிக்கான நிதி. 1983இல் தொடங்கப்பட்ட டெகெஸ் என்ற தொழில்நுட்ப நிதி அமைப்புக்குப் பணம் தொடர்ந்து போனது. பின்பு அரசு நிறுவனப் பங்குகளை விற்ற பணத்திலும் ஒரு பகுதி ஆராய்ச்சிக்குத் திரும்பியது. 1993இல் உங்களில் ஒருவர் பின்லாந்தை அளந்திருந்தால் என்ன எழுதியிருப்பார்? உள்ளீடு ஏறுகிறது, வெளியீடு விழுகிறது, திறனற்ற நாடு. 'உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது' என்பார்களே, அந்தக் கணக்கு.

2000இல் அதே நாட்டை அளந்திருந்தால்? ஆராய்ச்சி 3 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. நோக்கியா ஒன்றே நாட்டின் உற்பத்தியில் சுமார் 4 சதவீதம். உலகமே விமானம் பிடித்துப் போய்ப் பாடம் கேட்ட காலம் அது. சரி, 2014இல்? நோக்கியாவின் கைப்பேசிப் பிரிவு மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறியிருந்தது. ஏற்றுமதி தொய்ந்திருந்தது. 'இவ்வளவு ஆராய்ச்சி செய்து என்ன கண்டோம்' என்ற பேச்சு மறுபடி கிளம்பியது. 2009 வாக்கில் 3.7 சதவீதம் வரை போன ஆராய்ச்சிச் செலவு, அதன்பின் சில ஆண்டுகளில் 3க்குக் கீழே இறங்கியது. பிறகு அவர்களே யோசித்து, 2030க்குள் 4 சதவீதம் என்று சட்டமே போட்டிருக்கிறார்கள்.

மூன்று ஆண்டுகள், மூன்று தீர்ப்புகள். நாடு ஒன்று. இதில் எது பின்லாந்தின் 'திறன்'? உங்கள் கட்டுரைகளில் பல, உள்ளீட்டையும் வெளியீட்டையும் ஒரே ஆண்டிலிருந்து எடுக்கின்றன. கொஞ்சம் கவனமானவை இரண்டு மூன்று ஆண்டு இடைவெளி விடுகின்றன. நெல் அறுக்க அது போதும். பனைக்குப் போதாது. எஸ்டோனியாவைச் சொன்னால் எல்லோரும் 1996இல் பள்ளிகளுக்குக் கணினி கொண்டுபோன 'புலிப் பாய்ச்சல்' திட்டத்தையும் 2003இல் வந்த ஸ்கைப்பையும் சொல்வார்கள். எஸ்டோனியத் தலைநகர் டாலினில் சைபர்னெட்டிக்ஸ் என்ற கணினி, கட்டுப்பாட்டு அறிவியல் ஆய்வு நிறுவனம் 1960இலேயே தொடங்கியதை யாரும் எந்த நெடுவரிசையிலும் எழுதுவதில்லை. அங்கே கணினியியலில் பழுத்த தலைமுறை ஒன்று இல்லாமல் புலி எங்கிருந்து பாய்ந்திருக்கும்?

காலத்தைப் போலவே எல்லையும் உங்கள் கணக்குக்கு அடங்குவதில்லை. கொரோனா தடுப்பூசிக்கு வழிவகுத்த உயிர்வேதியியலாளர் கத்தலின் கரிகோவை எடுத்துக்கொள்ளுங்கள். படித்தது ஹங்கேரியில், ஹங்கேரியின் செலவில். 1985இல் அங்கே ஆராய்ச்சிக்குப் பணம் நின்றுபோனதும் குடும்பத்தோடு அமெரிக்கா போனார். அங்கேயும் எம்ஆர்என்ஏ (செல்லுக்குப் புரதம் செய்யச் சொல்லும் மூலக்கூறு) ஆராய்ச்சிக்கு நிதி கேட்டு எழுதிய விண்ணப்பங்கள் திரும்பித் திரும்பி வந்தன, 1995இல் பதவியிறக்கம். சக ஆய்வாளர் ட்ரூ வைஸ்மனோடு சேர்ந்து வெளியிட்ட முக்கியமான கட்டுரை வந்தது 2005இல். 2013இல் ஜெர்மனியின் பயோஎன்டெக் நிறுவனத்தில் சேர்ந்தார். 2020இல் தடுப்பூசி. 2023இல் இருவருக்கும் நோபல். இந்தக் கதையில் கல்விச் செலவு ஒரு நாட்டின் ஏட்டில், ஆராய்ச்சிச் செலவு இன்னொரு நாட்டின் ஏட்டில், வருமானம் பல நாடுகளின் ஏடுகளில் பிரிந்து கிடக்கிறது. 1990ஆம் ஆண்டின் அட்டவணையில் ஹங்கேரி வீணாக்கிய நாடு, 2021ஆம் ஆண்டின் அட்டவணையில் ஜெர்மனி சாமர்த்தியசாலி. விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் ஒருவர் என்பது உங்கள் கணக்கில் பிழைச்செய்தியாகக்கூட வருவதில்லை.

இஸ்ரேலும் அப்படித்தான். ஆராய்ச்சிக்கு 6 சதவீதத்துக்கும் மேல் செலவிடும் நாடு என்று வியக்கிறோம். 1990களில் சோவியத் நிலத்திலிருந்து வந்து குடியேறிய சுமார் 10 லட்சம் பேரில் பொறியாளர்களும் மருத்துவர்களும் விஞ்ஞானிகளும் எவ்வளவோ பேர். அவர்களைப் படிக்க வைத்த செலவு வேறொரு நாட்டின் கணக்கில் எழுதப்பட்டு, அந்த நாடே மறைந்தும் போனது. மறுபக்கம், அங்கே நடக்கும் ஆராய்ச்சியில் பெரும்பங்கு வெளிநாட்டு நிறுவனங்களின் மையங்களில் நடக்கிறது. பலனும் அந்த நிறுவனங்களோடு வெளியே போகிறது. வாசலில் வந்ததையும் கொல்லையில் போனதையும் எழுதாத கணக்கு அது.

உயர்தொழில்நுட்ப ஏற்றுமதி என்ற குறிகாட்டியைப் பற்றி நான் நீட்டி முழக்கப் போவதில்லை. 2009ஆம் ஆண்டின் ஐஃபோன் ஒன்றைப் பிரித்துக் கணக்குப் பார்த்த ஆய்வு உங்களுக்கு நினைவிருக்கும்: சுமார் 179 டாலர் உற்பத்திச் செலவில், சீனாவில் கோத்து முடித்ததற்கான கூலி 6.50 டாலர். ஆனால் ஏற்றுமதிக் கணக்கில் முழுக் கைப்பேசியும் சீனாவுடையது. இன்று வியட்நாமின் எண்களைப் பார்க்கும்போதும் இதையே நினைத்துக்கொள்கிறேன். அதற்காக வியட்நாமின் முன்னேற்றம் பொய் என்று சொல்லவில்லை. கோத்துப் பழகிய கை நாளை வடிவமைக்கவும் கூடும். தைவானும் கொரியாவும் அப்படித்தான் ஏறின. எந்தப் படியில் இப்போது நிற்கிறார்கள் என்பதை அந்தக் குறிகாட்டி சொல்லாது என்றுதான் சொல்கிறேன்.

அளக்கவே முடியாமல் நழுவுகிற வெளியீடும் இருக்கிறது. 1993 ஏப்ரல் 30 அன்று ஐரோப்பாவின் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்ன் உலகளாவிய வலையின் மென்பொருளை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பயன்படுத்தலாம் என்று பொதுவில் வைத்தது. காப்புரிமை இல்லை, உரிமத்தொகை இல்லை. அறிவுப் பொருளாதாரம் என்று நாம் இன்று அழைக்கும் கட்டடத்தின் ஒரு தூணே அதுதான். உங்கள் வெளியீட்டு நெடுவரிசையில் அதற்கு விழுவது பூஜ்யம். ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் ஒருவர் 1991இல் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை வெளியிட்டாரே, அதற்கும் பூஜ்யம்தான். அதே நேரம், ஒன்றுக்கும் உதவாத காப்புரிமை ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண்.

இதையெல்லாம் ஆய்விதழுக்குள் இருக்கும் சண்டை என்று விட்டுவிடலாமே, எதற்குத் திறந்த மடல் என்று கேட்பீர்கள். உங்கள் அட்டவணை ஆய்விதழுக்குள் தங்குவதில்லையே.

தென்கொரியாவில் நடந்ததைப் பாருங்கள். உற்பத்தியில் 5 சதவீதத்தை ஒட்டி ஆராய்ச்சிக்குச் செலவிடும் நாடு அது. உலகில் அதற்கு மேலே இருப்பது இஸ்ரேல்தான். 'இவ்வளவு போட்டும் பலன் போதவில்லை' என்ற பேச்சு அங்கே வெகு காலமாக உண்டு. 'கொரிய முரண்' என்று அதற்கும் ஒரு பெயர். 2023இல் அரசு அந்தப் பேச்சைக் கையில் எடுத்தது. நிதி திறனின்றிப் பங்கிடப்படுகிறது, சிலரே பிரித்துக்கொள்கிறார்கள் என்று சொல்லி, 31 லட்சம் கோடி வோனை ஒட்டியிருந்த அரசு ஆராய்ச்சி நிதியை 2024க்கு 26.5 லட்சம் கோடியாகக் குறைத்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடக்காத குறைப்பு. பாதியில் நின்ற திட்டங்கள், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாத இளம் ஆய்வாளர்கள். 2024 பிப்ரவரியில், அந்நாட்டின் முன்னணி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான கைஸ்டின் பட்டமளிப்பு விழாவில், குடியரசுத் தலைவர் பேசிக்கொண்டிருக்கும்போது நிதியைத் திருப்பித் தரச் சொல்லிக் குரல் எழுப்பிய பட்டதாரி ஒருவரைப் பாதுகாவலர்கள் வாயைப் பொத்தித் தூக்கிக்கொண்டு போனார்கள். அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே பெரும்பகுதியை அரசு திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஆனால் ஓராண்டு நின்றுபோன ஆய்வகத்தை, குழாயைத் திறப்பதுபோல மறுபடி திறக்க முடியாது. ஆளே போயிருப்பார்.

உங்கள் கட்டுரை ஒன்றால்தான் இது நடந்தது என்று நான் சொல்லவில்லை. அரசியலுக்கு அதற்கென்று காரணங்கள் இருக்கும். 'திறன்' என்ற சொல்லை அதற்குக் கடனாகக் கொடுத்தது யார் என்று மட்டும் கேட்கிறேன்.

இன்னொரு பக்கமும் உண்டு. எண்ணுவது எதுவோ அதையே நாடுகள் விளைவிக்கத் தொடங்கும். சீனாவில் காப்புரிமை விண்ணப்பத்துக்கு உள்ளூர் அரசுகள் மானியம் கொடுத்தன, ஆய்வுக் கட்டுரைக்கு ரொக்கப் பரிசு கொடுத்தார்கள். எண்ணிக்கை மலைபோலக் குவிந்தது. கடைசியில் கட்டுரைக்குக் காசு கொடுப்பதை 2020இலும், காப்புரிமை மானியங்களை நிறுத்தச் சொல்லி 2021இலும் அந்த அரசே உத்தரவு போட்டது. பட்டியல் போடுகிறவர்களுக்கும் பாடம் இருக்கிறது. தொழில் நடத்துவது எந்த நாட்டில் எளிது என்று உலக வங்கி ஆண்டுதோறும் தந்த தரவரிசை நினைவிருக்கிறதா? 2018, 2020 பதிப்புகளின் தரவில் முறைகேடு நடந்ததாக விசாரணை வந்து, 2021 செப்டம்பரில் மொத்தமாக மூடிவிட்டார்கள். இடம் முக்கியம் என்று ஆகிவிட்டால், இடத்தை நகர்த்தக் கைகளும் வந்துவிடும்.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்கிறீர்களா? பட்டியலே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சொன்னாலும் நிற்கப்போவதில்லை.

ஒரு நாட்டுக்கு ஓர் இடம் என்று அச்சடிப்பதை முதலில் விடுங்கள். எடைகளை மாற்றி, குறிகாட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து, கால இடைவெளியை மூன்று, ஏழு, பதினைந்து ஆண்டுகள் என்று நீட்டி ஆயிரம் முறை ஓட்டிப் பாருங்கள். இன்றைய கணினிக்கு அது ஒரு தேநீர் நேரம். ஒரு நாடு 4 முதல் 9 வரை நிற்கிறதா, 4 முதல் 61 வரை ஊசலாடுகிறதா என்பதை அட்டவணையின் முதல் பக்கத்திலேயே போடுங்கள். உலகப் புத்தாக்கக் குறியீட்டோடு இப்படி நம்பக எல்லைகளும் வருகின்றன. ஆனால் அவை பின்னால் கிடக்கின்றன, செய்திக்குறிப்பில் ஏறுவது ஒற்றை எண்தான். அடிக்குறிப்பு படிக்கிற அமைச்சர் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை.

டிஇஏ ஓட்டும்போது மதிப்பெண்ணோடு இன்னொன்றும் வருகிறதே, ஒவ்வொரு நாட்டுக்கும் 'இவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்' என்று அது காட்டும் இணை நாடுகளின் பட்டியல்? என் கணிப்பில் மொத்த முறையிலும் உருப்படியான பகுதி அதுதான், ஆனால் பெரும்பாலான கட்டுரைகளில் இடம் போதாமல் வெட்டப்படுவதும் அதுதான். 'உனக்கு 0.71' என்று சொன்னால் ஒரு நாடு என்ன செய்யும்? வெட்கப்படும், அல்லது மறுக்கும். 'உன் அளவிலும் உன் வருமானத்திலும் இருக்கும் இந்த இரண்டு நாடுகள் முனைவர் பட்டதாரிகளைத் தொழிற்சாலைக்குள் கொண்டுபோனதில் உன்னைவிடத் தேறியிருக்கின்றன' என்று சொன்னால், யாராவது ஓர் அதிகாரி அடுத்த மாதமே போய்ப் பார்ப்பார். அதற்கு ஒப்பிடும் நாடுகளை முதலில் வருமானத்தாலும் அளவாலும் பிரித்துவிட வேண்டும். உள்ளீடு ஒரு குறைந்தபட்ச அளவைத் தாண்டாத நாட்டுக்குத் திறன் மதிப்பெண்ணே போடக் கூடாது. நட்டதே இல்லாத நிலத்தில் ஏக்கருக்கு எவ்வளவு விளைச்சல் என்று யாரும் கேட்பதில்லை.

மனிதர்களின் போக்குவரத்துக்கு ஒரு நெடுவரிசை வேண்டும் என்பது என் பேராசை. எத்தனை பட்டதாரிகளைப் படிக்க வைத்து அனுப்பியது, எத்தனை பேரை அப்படியே வாங்கிக்கொண்டது என்பது தெரிந்தால் பல நாடுகளின் 'வீண் செலவு' வேறு வெளிச்சத்தில் தெரியும். தரவு முழுமையாகக் கிடைக்காது, அறிவேன். கிடைக்காத கட்டங்களை இதுவரை எப்படியெல்லாம் நிரப்பியிருக்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். பின்னிணைப்பு படிக்கிறவன் என்று சொன்னேன் அல்லவா.

கடைசியாக ஒரு சின்ன வேலை. அடுத்து எந்தப் புதிய முறையைக் கொண்டுவந்தாலும், அச்சுக்கு அனுப்பும் முன் அதில் 2013ஆம் ஆண்டின் தரவை ஒருமுறை போட்டு ஓட்டுங்கள். மாலி எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். மறுபடி உச்சியில் வந்தால், அந்த அட்டவணையை உங்கள் மேசையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பின்னிணைப்புகளின் பழைய வாசகன்